தேவசகாயம் வாத்தியாரின் தோல் எழுத்துகள்

ஆம்பூரில் அப்துல் வஹீத் சாயபுவின் தோல் மண்டியில் கடிதம் எழுத ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நான் வந்து சேர்ந்தது 1935ஆம் வருஷம், தை மாதம். திமிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொண்டவன் அந்த ஊரில் எனக்கு முன்னால் ஒருவனும் இல்லை. யாராவது அதைக் கேட்க மாட்டார்களா என்று அந்த நாளில் எனக்கு ஓர் ஏக்கம் இருந்தது.

சாயபு தொழுகைக்குப் போயிருந்தார். வாசலில் தோல் கட்டுகளை வரிசையாக நிறுத்திவைத்து, ஒருவர் கறுப்பு மையால் அடையாள எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தூரிகை பிடித்த விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் வெளுத்து, ரேகை அழிந்து, மெழுகு தடவியதுபோல் இருந்தன. என் கையிலிருந்த விண்ணப்பத்தை அவர் ஓரக்கண்ணால் படித்துவிட்டார்.

"பி.ஏ.வா தம்பி?"

"ஆமாம்."

"தம்பிக்கு மொத எழுத்து சொல்லிக் குடுத்தவர் பேரு இன்னா?"

காலேஜில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் பெயர் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. இந்தப் பெயர் மட்டும் வரவில்லை. "தாடி வெச்ச ஒரு வாத்தியார்" என்றேன்.

"அப்படித்தான். யாருக்கும் ஞாபகம் இருக்காது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டுக்குத் திரும்பினார்.

வேலை எனக்குக் கிடைத்தது. பிறகு ஒன்றரை வருஷம், மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் அவர் துண்டு துண்டாகச் சொன்னதையும், அங்கேயே வேலை செய்யும் பூவம்மாள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

*

தேவசகாயம் பிறந்தது பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டியிருந்த சேரியில். அப்பனுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, நாளுக்கு ஒரு தரம் இழுத்துப் புரட்டிப் போடவேண்டும். அப்போதுதான் மயிர் கழன்று வரும். ஏழு வயதில் தேவசகாயமும் தொட்டி ஓரத்தில் நின்று தோல் இழுத்தான். விடியற்காலை தொடங்கி ஒன்பது மணி வரை தொட்டி. பத்து மணிக்குப் பாதிரியார் பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கு மணல்தான் பலகை. தரையில் ஆற்று மணலைப் பரப்பி, பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து வாத்தியார் 'அ' போடவைப்பார். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். ஆனால் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் சுண்ணாம்பு தின்ற விரல் கிடையாது. நுனித்தோல் உரிந்து, சிவந்து, வெடித்து இருக்கும். அந்த வெடிப்பில் மணல் ஏறும். அந்தக் காலத்து வாத்தியார் கெட்டவர் இல்லை. பிள்ளை கையை இழுத்துக்கொண்டால் சோம்பல் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்துவார், அவ்வளவுதான். தேவசகாயம் 'அ'விலிருந்து 'ஃ' வரை போட்டு முடிப்பதற்குள் மணல் பல நாள் சிவந்தது. வாத்தியார் சிவந்த மணலை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் புது மணல் போடுவார்.

அவனோடு சேர்ந்த எட்டு பேரும் மணலுக்குப் பயந்து நின்றுவிட்டார்கள். தேவசகாயம் நிற்கவில்லை. ஆறாவது தேறி, வேலூரில் வாத்தியார் பயிற்சியும் முடித்து, சொந்தச் சேரிக்கே வாத்தியாராகத் திரும்பினான். திரும்பும்போது மனசுக்குள் ஒரே ஒரு பிரதிக்ஞை இருந்தது. தன்னிடம் வரும் எந்தப் பிள்ளை விரலையும் மணலில் வைக்கப்போவதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர் வஹீத் சாயபு. தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையை அடுக்கிவைக்கும் கொட்டகை அது. பட்டையை வெளியே போட்டு, மேலே ஓலை மூடி, கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க அங்கீகாரமும் கிடைத்தது. இந்து, கிறிஸ்தவர், துலுக்கர் என்று தொட்டியோரத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். முதல் வகுப்பு ஒன்றுதான், பதினான்கு பேர்.

மணல் இல்லை. பலகைக் குச்சி பிடிக்கவும் அந்த விரல்களால் முடியாது. அதனால் தேவசகாயம் கதையைப் பிடித்துக்கொண்டார். முதல் வகுப்பு வாசகப் புத்தகத்தின் கடைசியில் ஒரு கதை இருந்தது. ஓர் ஆட்டுக்குட்டி கழுத்து மணியைத் தொலைத்துவிட்டு, வழியில் பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டு போகும். "கோழியே, கோழியே, என் மணி எங்கே?" கோழி தெரியாது என்று சொல்லும். அடுத்து எருமை, அடுத்து தவளை. கடைசியில் மணி குட்டியின் அம்மா கழுத்திலேயே இருக்கும். புத்தகத்தை நடுவில் வைத்து, வரிக்கு வரி விரல் ஓட்டி, வாத்தியார் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். தினமும் சொன்னார்கள். கொட்டகை அதிரச் சொன்னார்கள்.

"சார், அந்தக் குட்டி எந்த ஷாப்பு?" என்று கேட்பான் கவுஸ் பாஷா. ஏழு வயது, வகுப்பில் வாயாடி அவன்தான்.

"ஷாப்புக் குட்டி இல்லடா. மேயற குட்டி."

"மணி இல்லாம இந்தப் பக்கம் வந்துச்சுன்னா தொட்டியில போட்ருவாங்க சார். எங்க வாப்பாவே போட்ருவாரு."

பிள்ளைகள் சிரிக்கும். வாத்தியாரும் சிரிப்பார். ஒரு விரல்கூட நோகாமல் பதினான்கு பிள்ளைகள் படிக்கின்றன என்று நினைத்து, அந்த ஒரு வருஷமும் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

*

1926, ஆடி மாதம். இன்ஸ்பெக்டர் ஆதிகேசவ முதலியார் பரீட்சை பார்க்க வந்தார். முதலில் பூவம்மாளை எழுப்பினார்கள். எட்டு வயது. அம்மா ரங்கம்மாள் தொட்டி வேலைக்காரி. பூவு புத்தகத்தைப் பிரித்து, வரியில் விரல் வைத்து, மணி மணியாகக் கதையைப் படித்தாள். பக்கம் திருப்பவேண்டிய இடத்தில் சரியாகத் திருப்பினாள். தேவசகாயத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் எருமைப் படம் போட்ட பக்கத்தைப் பிரித்தார். படத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினார். "இந்த வரி மட்டும் படிம்மா."

பூவு கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"மொதல்லேர்ந்து வேணாம். இந்த வரி. இது என்ன எழுத்து?"

பூவு அவர் கையையே பார்த்தாள். கையை எடுத்தால் எருமை தெரியும், எருமை தெரிந்தால் வரி தெரியும்.

அடுத்து கவுஸ் பாஷாவை எழுப்பி, இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் தலைகீழாகக் கையில் கொடுத்தார். கவுஸ் ஒரு தப்பு இல்லாமல், தலைகீழ்ப் புத்தகத்தில் விரல் ஓட்டி, "கோழியே, கோழியே" என்று ஆரம்பித்து முடித்தான். கூட வந்த குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "மாஸ்டர், கிளிக்குப் புஸ்தகம் எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். பிறகு உட்கார்ந்து எழுதினார். ஐப்பசியில் மறுபடி வருவேன், பதினான்கில் ஏழு பிள்ளையாவது பார்க்காத ஒரு பக்கத்தைப் படிக்கவேண்டும், இல்லையென்றால் அங்கீகாரம் ரத்து.

சாயங்காலம் வஹீத் சாயபு வந்து பட்டைக் குவியல் பக்கத்தில் நின்றார்.

"மாஸ்டர், பசங்க படிச்சா எனக்குச் சந்தோஷம்தான். படிக்கலேன்னா எதுக்கு என் பட்டை வெளிய நனையணும்? போன மழையில பாதி அழுகிப்போச்சு. ஐப்பசி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல பேஜார் பண்ணாதீங்க."

பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகள் பத்து மணிக்கு மேலும் தொட்டியிலேயே நிற்கும். வேறே போக்கிடம் கிடையாது. அடுத்த பள்ளிக்கூடம் மூன்று மைல். இதை யாரும் வாத்தியாருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

*

மறுநாள் காலை தேவசகாயம் பாலாற்றிலிருந்து இரண்டு கூடை மணல் கொண்டுவந்து கொட்டகையில் பரப்பினார். பதினான்கு பிள்ளைகளும் மணலைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். பூவுதான் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் விரலைப் பிடித்து மணலில் வைத்தார். 'ம' போடவேண்டும். முதல் கோடு இறங்கியது. பூவு அழவில்லை, கையை இழுக்கவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கோட்டில் மணல் சிவந்தது. அவர் கையை விட்டுவிட்டார்.

அன்றைக்கு அவரால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை. மற்றவர்கள் விரலைப் பிடித்தாரா என்றால், மறுநாள் பிடித்தார், இரண்டு பேருக்கு. மூன்றாம் நாள் ஐந்து பிள்ளைகள் வரவில்லை. ரங்கம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா வாத்தியாரே, அங்க சுண்ணாம்பு கடிக்குதுன்னு இங்க அனுப்பினா, இங்க நீ மணலக் கடிக்க வுடற? ரெண்டும் ஒண்ணுதான்னா அங்கயே இருக்கட்டும். அங்க மேஸ்திரி ஒருத்தன் திட்டறதோட போச்சு."

தேவசகாயம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்தார். மனைவி சம்பூரணம் தட்டை எதிரே வைத்தாள். அவளும் ஷாப்பில் வளர்ந்தவள்தான். கல்யாணத்தன்றைக்கு, இனிமேல் உன்னைத் தொட்டியில் இறங்க விடமாட்டேன் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்.

"மணலும் வாணாம், குச்சியும் வாணாம்னா காத்துலதான் எழுதணும்" என்றாள் அவள். "சாப்புடுங்க. பட்டினி கெடந்தா எழுத்து வந்துருமா?"

மணலைக் கூட்டி அள்ளி ஆற்றிலேயே கொட்டினார். பத்து நாள் அப்படியே போயிற்று. பிள்ளைகள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்தன. அவர் கரும்பலகையில் எழுதினார். அவை படம் இல்லாத பலகையைப் பார்த்துக் கொட்டாவி விட்டன. ஆவணி பிறந்துவிட்டது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஷாப்புக்குப் பின்புறம் போனார். பதனிட்ட தோலின் ஓரத்தைக் கத்தரித்து எறிகிற துண்டுகள் அங்கே மலைபோல் கிடக்கும். அதன்மேல் பூவும் கவுஸும் உட்கார்ந்து துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தரையில் ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. ஒரு துண்டு உடம்பு, நாலு துண்டு கால், நீளத் துண்டு ஒன்று வால்.

"கொம்பு எங்கடி?" என்றான் கவுஸ்.

"குட்டிக்கு ஏதுடா கொம்பு? அம்மாக்குதான் கொம்பு" என்று சொல்லிவிட்டு, வளைந்த துண்டு ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். உரிந்த விரல்தான், ஆனால் தோலைத் தொடும்போது அது சுருங்கவில்லை. பட்டையில் ஊறிய தோல் வழவழப்பாக இருக்கும், கடிக்காது.

தேவசகாயம் மடியில் அள்ளுகிற மட்டும் துண்டுகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சம்பூரணத்தின் கத்தரியை வாங்கி 'ம' வெட்டினார். 'ண' வெட்டினார். கால் தனி, கொம்பு தனி, மேலே போடும் வளைவு தனி, புள்ளிக்கு வட்ட வட்டமாகச் சிறு துண்டுகள். முதலில் கதையில் வரும் எழுத்துகள் மட்டும். கத்தரி பிடித்து அவர் விரல் கொப்பளித்த பிறகு மீதியைச் சம்பூரணம் வெட்டினாள்.

மறுநாள் பிள்ளைகள் மணல் இருந்த இடத்தில் எழுத்துகளைக் கண்டன. தொட்டன. முகர்ந்தன. கன்னத்தில் வைத்துப் பார்த்தன. "இது எங்க மாமா பதனு போட்ட தோலு" என்று ஒரு பிள்ளை சொந்தம் கொண்டாடியது. அன்றைக்கு 'மணி' தரையில் படுத்தது. அடுத்த வாரம் 'குட்டி'. ஒற்றைக் கொம்பை எடுத்துவிட்டு இரட்டைக் கொம்பு வைத்தால் சத்தம் எப்படி நீளுகிறது என்பதைக் கையாலேயே கண்டுகொண்டார்கள்.

வேலு என்கிற ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தான்.

"எழுத்து சரஸ்வதி வாத்தியாரே. அத்தப் போய்த் தோல்ல வெட்டித் தரையில போட்டிருக்கிற."

"கோயில்ல மத்தளம் அடிக்கறாங்களே வேலு, அது இன்னா பித்தளையா?"

வேலு கொஞ்சம் யோசித்தான். மறுநாள் கிழியாத நல்ல துண்டாகப் பொறுக்கி ஒரு கூடை கொண்டுவந்து போட்டான். கூடையை மூடாமல் வைத்த ஒரு நாள், நாய்கள் வந்து பாதி எழுத்தைக் கவ்விக்கொண்டு போயின. 'ழ'வை மென்றுகொண்டிருந்த நாயைக் கவுஸ் சேரி முழுக்கத் துரத்தினான். மறுபடி வெட்டினார்கள்.

ஆனாலும் கதை அவர்கள் வாயில் ஊறிப்போயிருந்தது. எழுத்தைப் பாதி பார்க்கும்போதே வாய் மீதியை முடித்துவிடும். அதை உடைக்க வாத்தியார் ஒரு வேலை செய்தார். பிள்ளைகள் வருவதற்கு முன் கதையின் ஒரு வரியைத் தரையில் அடுக்கி, அதில் ஒரு வார்த்தையை மாற்றிவைத்தார். 'கோழியே' இருந்த இடத்தில் 'நரியே'. எல்லாப் பிள்ளைகளும் "கோழியே, கோழியே" என்று கத்தின. பூவு மட்டும் வாயைத் திறக்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

"சார், இங்க கோழி இல்ல. கோழிய நரி துன்னுட்ச்சு."

அவள் முதன்முதலாகப் படித்தது அன்றைக்குத்தான். தேவசகாயம் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

அதற்குப் பிறகு தினமும் கதை தப்பாகவே இருந்தது. குட்டி மணியைத் தேடாமல் மாமியைத் தேடியது. தவளை ஆற்றுக்குப் போகாமல் ஆம்பூருக்குப் போனது. தப்பைக் கண்டுபிடிக்கும் பிள்ளைதான் மறுநாளைக்குத் தப்பை அடுக்கும். அடுக்கி அடுக்கி அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தோல் எழுத்து இல்லாமல் வெறும் அச்சைப் பார்த்தாலும், விரல்கள் முதலில் அசையும். ஒரு கொம்பை எடுத்து வைப்பதுபோல, ஒரு காலைச் சேர்ப்பதுபோலத் தொடைமேல் விரல் ஓடும். விரல் அடுக்கி முடித்த பிறகுதான் வாய் சொல்லும். வார்த்தைக்கு வார்த்தை நிற்கும். முன்போல மணி மணியான படிப்பு இல்லை, நொண்டி நொண்டி நடக்கிற படிப்பு. ஆனால் படிப்பு.

புரட்டாசிக் கடைசியில் கணக்குப் பார்த்தார். அச்சைப் படிப்பவர்கள் ஒன்பது பேர்.

*

ஐப்பசி முதல் வாரத்தில் அந்த ஒன்பதில் இரண்டு பிள்ளைகளின் குடும்பம் ஆவாரம்பட்டை உரிக்க ஆலங்காயம் காட்டுப் பக்கம் போய்விட்டது. ஏழு. அதே வாரம் ரங்கம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. தொட்டியில் அவள் இடம் போய்விடக்கூடாது என்று பூவு முழுநாளும் அம்மாவுக்குப் பதிலாக இறங்கினாள். ஆறு.

இன்ஸ்பெக்டர் வருகிற தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம், தேவசகாயம் ரங்கம்மாள் குடிசைக்குப் போனார். அவள் பாயில் படுத்திருந்தாள்.

"நாளைக்கு ஒரு காலை மட்டும் பூவ அனுப்பு ரங்கம்மா."

"ஒரு காலை ஆள் இல்லேன்னா மேஸ்திரி வேற ஆள வுட்ருவான் வாத்தியாரே. அப்பறம் நான் எழுந்து எங்க போறது?"

"ஏழு பேர் வேணும். ஆறு பேர்தான் இருக்காங்க."

"உனக்கு ஏழாவதா அவ வேணும். எனக்கு அவ ஒருத்திதான்."

அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.  பின்னாலேயே வந்திருந்த சம்பூரணம்தான் பேசினாள்.

"நான் எறங்கறேன் ரங்கம்மா. பூவு எடத்துல நான் நிக்கறேன். ஆள் கம்மி இல்லாம இருந்தா மேஸ்திரிக்கு இன்னா?"

தேவசகாயம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நான் உனக்குச் சொன்னது..."

"சொன்னத அப்பறம் பாக்கலாம்" என்றாள் சம்பூரணம்.

*

மறுநாள் வானம் மூடியிருந்தது. வஹீத் சாயபுவின் ஆட்கள் கொட்டகைக்கு வெளியே பட்டைக் குவியல் பக்கத்தில் தயாராக நின்றார்கள். இன்ஸ்பெக்டர் தன் பையிலிருந்து வேறொரு புத்தகம் எடுத்தார். அந்தப் புத்தகத்தை யாரும் பார்த்ததில்லை.

முதல் பிள்ளை படித்தது. இரண்டாவது படித்தது. கவுஸ் பாஷா கையில் அவர் இந்தத் தடவையும் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தார். கவுஸ் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "சார், தலகீழா குட்த்துட்டீங்க" என்று மரியாதையாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படித்தான். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆறு பேரும் தேறினார்கள்.

ஏழாவது பூவு. நேராகத் தொட்டியோரத்திலிருந்து வந்திருந்தாள். ஒன்பது மணிக்குச் சம்பூரணம் போய் அவளை விடுவித்திருந்தாள். புறங்கையில் சுண்ணாம்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மாடு... வண்டி... இழுத்தது. வண்டியில்..."

நின்றாள். அடுத்த வார்த்தை வைக்கோல்.

 வெளியே முதல் தூறல் ஓலையில் விழுந்தது. பட்டைக்காரர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். தேவசகாயம் இன்ஸ்பெக்டரின் பேனாவைப் பார்த்தார். பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது. அவர் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். பாவாடை மேல் பூவுவின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. 'வை'க்கு ஒரு சங்கிலிக் கொம்பை எடுத்து வைத்து, ஒரு புள்ளியை வைத்து, ஒரு காலைச் சேர்த்து, அவள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பழக்கத்தைக் கொடுத்ததே அவர்தான். அன்றைக்கு அவருக்கு அது மறந்துபோயிற்று.

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, உதடு மட்டும்.

அதே நொடியில் பூவு, "வைக்கோல்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மாஸ்டர், நீங்க வாயசைச்சத நான் பார்த்தேன்."

"அவ பார்க்கல ஐயா. அவ புஸ்தகத்த..."

"அது எனக்கு எப்படித் தெரியும்? போன தடவை இதே பொண்ணு எனக்கு முழுக் கதையும் படிச்சுக் காட்டினா." கொஞ்சம் யோசித்துவிட்டு, நியாயமான மனிதர்தான், அடுத்த பக்கத்தைப் பிரித்து அவள் முன் வைத்தார். "இதைப் படிம்மா. மாஸ்டர், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

தேவசகாயம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாரை எதற்காகத் திரும்பிக்கொள்ளச் சொன்னார்கள் என்று பூவுக்கு விளங்கவில்லை. தான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று மட்டும் விளங்கியது. புத்தகத்தைப் பார்க்காமல் அவர் முதுகையே பார்த்தாள். விரல்கள் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. இன்ஸ்பெக்டர் வெகுநேரம் காத்திருந்தார். "பயப்படாதே, படி" என்று இரண்டு தரம் சொன்னார். அவள் வாய் திறக்கவே இல்லை.

ஆறு என்று எழுதிவிட்டு அவர் எழுந்தார்.

மழை வலுப்பதற்கு முன்பே பட்டை உள்ளே வந்துவிட்டது. பிள்ளைகளும் ஒரு கை கொடுத்தார்கள். தோல் எழுத்துக் கூடையை ஓரமாக எடுத்து வைத்தவன் கவுஸ்.

மத்தியானம் சம்பூரணம் வீட்டுக்கு வந்தாள். பதினோரு வருஷமாகச் சுண்ணாம்பு படாத கை, முழங்கை வரை வெந்து சிவந்திருந்தது. தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நனைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏழு ஆச்சா?"

அவர் பானையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.  கை முழுக்க நனைந்த பிறகும் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அவர் மேலிடத்துக்கு மூன்று மனுப் போட்டார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கொட்டகை இல்லாமல், ஆற்றங்கரையில் வைத்தாவது சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்த்தார். பத்து மணிக்குப் பிறகும் பிள்ளைகளைத் தொட்டி விடவில்லை. ஒரு மாதம் தினமும் கூடையோடு போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். பிறகு கூடையை எடுத்துப் பரண்மேல் போட்டார்.

பூவு அவரிடம் அதைப் பற்றிப் பேச ஆறு வருஷம் ஆயிற்று. மண்டியில், ஒரு கட்டைத் தூக்கிக்கொடுக்கும்போது, திடீரென்று சொன்னாளாம்.

"அன்னிக்கு நான் உங்க மூஞ்சியப் பாக்கவே இல்ல சார். புஸ்தகத்ததான் பாத்தேன். நீங்க சும்மா இருந்திருந்தாலும் நான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்மா" என்றாராம் அவர். தூரிகையை மையில் தோய்த்துக்கொண்டு, அடுத்த கட்டுக்குப் போய்விட்டாராம்.

*

தேவசகாயத்துக்கு இப்போது நாற்பத்தாறு வயது. வஹீத் சாயபு மண்டியில் கட்டுகளுக்கு அடையாள எழுத்துப் போடுகிறார். வேறு யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. சம்பூரணம் அந்த ஐப்பசிக்குப் பிறகு தொட்டி வேலைக்கே திரும்பிவிட்டாள், இன்னும் போகிறாள். ரங்கம்மாள் அடுத்த வருஷம் இறந்துபோனாள். கவுஸ் பாஷா வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரிக்குக் கையாள். பூவம்மாளுக்குப் பதினெட்டு வயது. தோல் உலர்த்தும் கொட்டகையில் வேலை செய்கிறாள். மண்டிக்கு வரும் தமிழ்க் கடிதங்களை நான் இல்லாத நாளில் அவள்தான் சாயபுவுக்குப் படித்துச் சொல்கிறாள். படிக்கும்போது வார்த்தைக்கு வார்த்தை நிற்கிறாள், வலது கை விரல்கள் புடவைமேல் அசைகின்றன. பள்ளிக்கூடம் இருந்த கொட்டகையில் ஆவாரம்பட்டை இருக்கிறது.